தாழம்பூக் கரை

ஜூன் 9, திங்கள்

தலைவலி: இல்லை.

தினமும் முதல் வரி இதுவாக இருக்க வேண்டுமாம். இருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுதினால் போதும். "மேல் வரிய மட்டும்தான் நாங்க கம்ப்யூட்டர்ல ஏத்துவோம் ஐயா. கீழ எழுதறது உங்க சொந்த விஷயம்" என்றார் டாக்டர் ஃபௌசியா. கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒற்றைத் தலைவலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். இரண்டு நோட்டு கொடுத்தார். ஒன்று என் மருமகள் யமுனாவுக்கு, ஒன்று எனக்கு.

யமுனாவுக்குத் தலைவலி. எனக்குத் தலைவலி இல்லை, அதனால் எனக்கும் நோட்டு. தலைவலிக்காரரோடு ஒரே வீட்டில் இருந்து, அதே சோறு சாப்பிட்டு, ரத்த சம்பந்தம் இல்லாத ஆரோக்கியமான ஆள் ஒருவர் வேண்டுமாம். அவள் புருஷன், அதாவது என் மகன் மோகன்ராஜ்தான் போயிருக்க வேண்டும். பைக்கில் விழுந்து காலில் பிளேட் வைத்திருப்பதால் அவனை அந்த மெஷினுக்குள் விட மாட்டார்கள். என் வீட்டுக்காரி துளசிமணிக்கு லிஃப்டில் ஏறினாலே மூச்சு முட்டும். மிச்சம் நான். ஐம்பத்து மூன்று வயது, பிபி இல்லை, சர்க்கரை இல்லை. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். சைக்கிளில் துண்டு மூட்டை கட்டிச் சத்தியமங்கலம் பக்கம் ஊர் ஊராக விற்று ஆரம்பித்தவன். தலைவலி என்று ஒரு நாள் கடை பூட்டியதில்லை.

நான் ஒப்புக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. பெருந்துறை ரோட்டில் சில்லறைக் கடை ஒன்று கட்டி முடியப் போகிறது. அதைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி யமுனா கேட்கிறாள். அவளுக்கு வியாபார மூளை இருக்கிறது, மறுக்கவில்லை. போனில் வீடியோ காட்டியே மாதம் எத்தனையோ சேலை தள்ளுகிறாள். ஆனால் மாதத்தில் மூன்று நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிற மூளையும் அதுதான். போன வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்தோம், "எல்லாம் சுத்தமா இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுத்தமாக இருந்தால் வலி எங்கிருந்து வருகிறது?

இந்த மெஷின் வேறு மாதிரியாம். மூளை வேலை செய்யும்போதே படம் பிடிக்குமாம். அதில் ஏதாவது தெரிந்தால் கடை அவளுக்கு. இல்லாவிட்டால் செல்போன் கம்பெனிக்காரன் வாடகைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆவணிக்குள் முடிவு செய்ய வேண்டும். கண்ணால் பார்க்காத சரக்குக்கு நான் விலை சொல்வதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தலைவலி: இல்லை. செவ்வாய் ஜவுளிச் சந்தை. லுங்கி நன்றாக ஓடியது.

ஜூன் 13, வெள்ளி

தலைவலி: இல்லை.

யமுனாவுக்கு வந்தது. பாலக்காட்டிலிருந்து ஒரு பார்ட்டி வந்து உட்கார்ந்திருந்தார். சேலைகளைப் பிரித்துப் போட்டு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு மடிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். கண்ணைச் சுருக்கினாள். "மாமா, நீங்க பாருங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். வந்தவர் என்னைப் பார்த்தார். "பொண்ணுக்கு உடம்பு சரியில்லீங்க" என்றேன். அவர் சாயா குடித்துவிட்டு, பாதிச் சரக்குக்குத்தான் ஆர்டர் போட்டார்.

சாயங்காலம் துளசிமணி அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள்.

"என்ற காலத்துல தலவலின்னா நெத்தியில சுக்கப் பத்துப் போட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவோம். இப்ப என்னடான்னா சன்னலுக்கெல்லாம் போர்வை!"

மோகன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். "அம்மா, அவளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். காதும் வலிக்குதுன்னு சொல்லட்டும்."

நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன். மாமியார் சண்டையில் தலையிடுகிற மாமனார் இரண்டு பக்கமும் நஷ்டப்படுவான்.

ஜூன் 17, செவ்வாய்

தலைவலி: இல்லை.

சந்தையில் இன்று ஒரு கொள்முதல். இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரர் குப்புராஜ் இருநூறு காட்டன் சேலை இறக்கியிருந்தார். தாழம்பூக் கரை. அதாவது உடலும் கரையும் சேருகிற இடத்தில் ரம்பப் பல் போல முக்கோணம் முக்கோணமாக ஓடுமே, அந்தக் கரை. மொத்தமாக எடுத்துக்கொண்டேன். யமுனா போனில், "இப்ப அந்தக் கரை ஓடறதில்லீங் மாமா, ஒரு அம்பது எடுத்தா போதும்" என்றாள். எனக்குக் காரணம் இருந்தது.

மத்தியானம் குடோனில் சரக்கு எண்ணினேன். பண்டல் மேல் படுத்தபடியே எண்ணுவது என் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டால் கணக்கு நன்றாக வரும். தலையில் கொஞ்சம் கனம், வலி இல்லை. சந்தையில் தின்ற வடை ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டது. நல்ல வேளையாக விளக்கை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். கரண்ட் மிச்சம்.

ஜூன் 18, புதன்

தலைவலி: இல்லை. கழுத்து பிடித்திருக்கிறது. மூட்டை தூக்கியதால் இருக்கலாம். நான் மூட்டை தூக்கிப் பல வருஷம் ஆகிறது என்று துளசிமணி சொல்கிறாள்.

ஜூன் 26, வியாழன்

தலைவலி: இல்லை.

கோவை. முதல் படம் எடுத்தார்கள்.

முதலில் கேள்விகள். மருந்து சாப்பிடுவீர்களா, தூக்கம் எப்படி, அம்மா அப்பாவுக்குத் தலைவலி உண்டா. பிறகு டாக்டரம்மா கேட்டார்: "கண்ணு முன்னாடி எப்பவாவது வெளிச்சம், மினுமினுப்பு, கோணல் கோணலா கோடு, இந்த மாதிரி தெரிஞ்சிருக்கா ஐயா?"

இல்லை என்றேன்.

பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் நோயைப் பற்றிக் கேட்டார். என்னுடையது நோய் இல்லை. இது என் சொந்தப் பக்கம் என்பதால் எழுதுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. துண்டு வியாபாரம் ஓடாமல் மூட்டையை விற்றுவிட்டு மில்லுக்கு வேலைக்குப் போகலாம் என்று இருந்த காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, வெறும் வயிற்றோடு சந்தையில் நின்றேன். இடது கண்ணோரத்தில் ஒரு புள்ளி மினுங்கியது. அது வளைந்து வளைந்து பெரிதாகி, தாழம்பூக் கரை மாதிரியே பல் பல்லாக, வெள்ளி ஜரிகை நெளிகிற மாதிரி ஓடியது. எங்கள் குலதெய்வம் அங்காளம்மன் கட்டியிருக்கும் சேலையின் கரை அது. அரை மணி நேரத்தில் ஓரமாகப் போய் மறைந்தது. எதிரே ஒருவர் அதே கரை போட்ட சேலைகளை அடுக்கி வைத்திருந்தார். கடனுக்கு வாங்கினேன். தீபாவளிக்கு முன்னால் எல்லாம் விற்றுப் போயிற்று. அங்கிருந்துதான் இந்தக் கடை, இந்த வீடு எல்லாம். அதற்குப் பிறகும் அவ்வப்போது வரும். வரும்போது வாங்குவேன். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் வந்தது. அம்மன் கொடுத்த உத்தரவை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மெஷின் ஒரு குழாய். வாட்ச், மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். உள்ளே தள்ளியதும் சத்தம் ஆரம்பித்தது. மற்றவர்கள் பயந்துவிடுவார்களாம். எனக்கு விசைத்தறிக் கொட்டகையில் படுத்த மாதிரி இருந்தது, தூக்கமே வந்துவிட்டது. முகத்துக்கு மேல் ஒரு கண்ணாடி, அதில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் மாறி மாறி மின்னியது. நடுவில் ஒரு கூட்டல் குறி. அது நிறம் மாறினால் பொத்தானை அமுக்க வேண்டும். கட்டம் லுங்கிக் கட்டம்தான், ஆனால் அளவு சரியில்லை. இந்த டிசைனை ஐம்பது பீஸ் கூடத் தள்ள முடியாது.

வெளியே வந்து, "இதுல என்னங்க பாக்கறீங்க?" என்றேன்.

"மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அங்க ரத்தம் அதிகமாப் போகும். அத இந்த மெஷின் படமா காட்டும். ஒரே கட்டத்தத் திரும்பத் திரும்பக் காட்டினா, சாதாரணமா மூளை 'பாத்தாச்சு, போ'ன்னு விட்டுரும். ஒற்றைத் தலவலிக்காரங்க மூளை வலி இல்லாத நாள்லகூட அப்படி விடறதில்லையோன்னு தேடறோம்."

அது எனக்குப் புரிந்தது. தினமும் கடைக்கு வருகிற ஆளை முதலாளி தலை நிமிர்ந்து பார்க்க மாட்டான். சில முதலாளிகள் யார் வந்தாலும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பார்கள், சாயங்காலம் களைத்துப் போவார்கள்.

"அப்ப நான் எதுக்குங்க?"

"உங்கள வச்சுத்தானே அவங்கள அளக்கறோம்."

"அப்ப நான் மீட்டர் கோலு."

டாக்டரம்மா சிரித்தார். "ஆமா ஐயா. கோலு சரியா இருந்தாத்தான் அளவு சரியா இருக்கும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆரம்பத்தில் என்னோடு பங்கு வைத்திருந்த ஒருவர் ஒரு விரற்கடை வெட்டிய கோலை வைத்து அளந்துகொண்டிருந்தார். தெரிந்த அன்றே கோலை முழங்காலில் வைத்து ஒடித்து, பங்கையும் பிரித்துக்கொண்டேன். அந்தக் கதையை டாக்டரம்மாவுக்குச் சொன்னேன். யமுனா பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

தலைவலி: இல்லை. மழை. குடோன் கூரை ஒழுகித் துண்டு பண்டல் இரண்டு நனைந்தது. மொட்டை மாடி முழுக்கத் துண்டு காயப்போட்டோம். தெருவே பார்த்தது.

ஜூலை 5, சனி

தலைவலி: இல்லை.

குப்புராஜ் சேலை அசையவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, "கரை பழசா இருக்குதுங்ணா" என்கிறார்கள். ஆடித் தள்ளுபடியில் போய்விடும். ஆடியில் எதுதான் போகாது?

ஜூலை 11, வெள்ளி

தலைவலி: இல்லை. இதை எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தேன்.

டாக்டரம்மா யமுனாவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வலி வருவதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரிந்தால் அதை அப்படியே வரைந்து கொடுக்க வேண்டும். நேற்று அவளுக்கு வந்ததாம். மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்து, ஒரு அட்டையில் வரைந்துகொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். நடுவில் வெற்றிடம். அதைச் சுற்றிப் பிறை மாதிரி வளைந்த ஒரு பட்டை. பட்டை முழுக்கப் பல் பல்லாக முக்கோணங்கள்.

"என்ன அம்முணி இது, கரை டிசைனா?"

"இல்லீங் மாமா. தலவலிக்கு முன்னாடி எனக்கு இப்படித்தான் தெரியும். சின்னதா ஆரம்பிச்சு, பெருசாகி, அப்படியே ஓரமாப் போயிரும். இது போனதும் வலி வந்துரும்."

"மினுங்குமா?"

"ஜரிகை மாதிரி நெளியும்ங்."

அம்மன் இவளுக்கும் காட்டுகிறாளா? என்னைவிட்டு இவளிடம் போய்விட்டாளா? கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"இது தெரியறப்ப உனக்கு ஏதாச்சும் வாங்கணும்னு தோணுமா?"

யமுனா திரும்பிப் பார்த்தாள். "வாந்திதான் வரும்ங் மாமா."

ஜூலை 12, சனி

தலைவலி: இல்லை. வேறு எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 16, புதன்

தலைவலி: இல்லை.

துளசிமணி ஆடி நோன்புக்கு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். கட்டில் முழுக்கச் சேலை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பச்சை, மெரூன், கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள். நிறம்தான் வேறு வேறு. கரை எல்லாவற்றிலும் ஒன்று.

"ஏன் இத்தனை தாழம்பூக் கரை?"

"என்னையக் கேக்கறீங்களா? நீங்க வாங்கிட்டு வந்து விக்காத சேலையெல்லாம் ஆரு கட்டிக் கிழிக்கறதுன்னு நெனச்சீங்க? இந்தக் கரையைப் பாத்தாலே உங்களுக்குப் பேய் புடிச்ச மாதிரி ஆயிரும். எங்கக்கா, எந்தங்கச்சி, பால்காரம்மா, எல்லாத்துக்கும் கொடுத்து மாளல. கண்ணாலத்துல பார்த்தீங்கன்னா எங்க சனம் மொத்தமும் யூனிபாரம் போட்ட மாதிரி நிக்கும்!"

விற்றது எனக்கு நினைவிருக்கிறது. விற்காததை மழைக் கணக்கில், ஜிஎஸ்டி கணக்கில், கொரோனா கணக்கில் எழுதிவிட்டிருக்கிறேன். அடுத்தவன் இப்படி வியாபாரம் செய்தால் அவனுக்குச் சரக்குக் கொடுக்க மாட்டேன்.

முதல் தடவை விற்றது நிஜம். அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அன்று தீபாவளி பக்கத்தில் இருந்தது. எல்லாருக்கும் எல்லாக் கரையும் விற்ற வருஷம் அது.

ஜூலை 23, புதன்

தலைவலி: இந்த வரியை இன்று காலியாக விடுகிறேன்.

கோவைக்கு யமுனாவும் நானும் போனோம். இரண்டாவது படம் எடுப்பதற்கு முன்னால் டாக்டரம்மா அறையில் உட்கார வைத்தார்கள். எனக்குத் தெரிய வேண்டியதை நேராகவே கேட்டேன்.

"படத்துல எம் மருமகளுக்கு வலி இருக்குதுன்னு தெரியுதுங்களா?"

"இல்லீங்க ஐயா. வலிய இது காட்டாது. ஒருத்தர் படத்த மட்டும் பார்த்து இவங்களுக்கு ஒற்றைத் தலவலி இருக்கு, இல்லன்னு சொல்லவே முடியாது. நிறைய பேர் படத்தச் சேர்த்துப் பார்த்து, ரெண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்னுதான் பார்ப்போம். அது வருசக்கணக்கான வேலை."

"அப்ப இவளுக்கு வலி நிஜமான்னு ஆரு சொல்றது?"

"அவங்கதான் ஐயா சொல்றாங்களே."

யமுனா தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். கடைக்காக அவள் இத்தனை தூரம் வந்து அந்தக் குழாய்க்குள் படுத்தாள். மெஷின் தனக்காகச் சாட்சி சொல்லும் என்று நம்பியிருந்தாள். நானும்தான். மெஷின் கையை விரித்துவிட்டது.

டாக்டரம்மா தொடர்ந்தார். "ஒரு சின்ன விஷயம் மட்டும். கட்டத்தப் பார்த்தப்ப யமுனாவோட மூளை ஒவ்வொரு தடவையும் புதுசா பாக்கற மாதிரி இருந்துச்சு. உங்களுதும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கு. அதனால உங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மியாத் தெரியுது. சில ஆரோக்கியமானவங்களுக்கு அப்படி இருக்கும், பரவாயில்ல."

அப்படியானால் என்னை வைத்து அளந்தால் இவளுக்கு ஒன்றுமில்லை என்று வருகிறது. வெட்டிய கோல் வைத்து அளந்தால் துணி நீளமாகத் தெரியும், வாங்குகிறவன் ஏமாறுவான். இங்கே ஏமாறுகிறவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"டாக்டரம்மா, அளக்கற கோலு குறையுதுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"எந்தக் கோலு ஐயா?"

"நாந்தான்."

யமுனா கொடுத்திருந்த அட்டை மேசை மேல் இருந்தது. அதை எடுத்து, அவள் வரைந்ததை இடது பக்கமாகத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். "எனக்கு இந்தப் பக்கம்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "எவ்வளவு காலமா?"

"கல்யாணத்துக்கு முந்தியிருந்து."

"அப்புறம் வலி வருமா?"

"கனமா இருக்கும்."

"வாந்தி?"

"வடை ஒத்துக்காது."

"ஐயா!"

"வரும்ங்க. வலிதான். வலின்னு சொன்னா வலிக்கும்னு கனம்னு சொல்றது."

"யார்கிட்டயும் சொன்னதில்லையா?"

"அம்மன்கிட்ட சொல்லியிருக்கறனுங்க. அவ ஒண்ணும் சொல்லல."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. ஆரோக்கியமானவர் கூட்டத்திலிருந்து என் படத்தை எடுத்துவிட வேண்டுமாம். நல்ல நேரத்தில் சொன்னீர்கள் என்றார். கண்ணில் இப்படித் தெரிவதை இதுவரை யாரும் பார்க்காததால் முதலில் நரம்பு டாக்டரைப் பாருங்கள், பட்டினி கிடக்காதீர்கள், வெறும் வயிற்றோடு சந்தைக்குப் போகாதீர்கள் என்றார். வெறும் வயிறு என்றதும் அந்த முதல் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.

காரில் அவிநாசி தாண்டினோம். பிறகு யமுனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க குடோன்ல படுக்கறப்ப லைட்ட நான்தான் அணைப்பனுங் மாமா."

"நீயா?"

"வேலையாளுககிட்டயும் பண்டல மெதுவா எறக்கச் சொல்லிருவேன்."

"உனக்குத் தெரியுமா?"

"சுவத்தத் தொட்டுக்கிட்டே நடப்பீங்க. பேசறவங்க மூஞ்சியில பாதியத்தான் பாப்பீங்க. தலவலிக்காரிக்கு அது கூடத் தெரியாதுங்களா?"

"அப்ப ஏன் சொல்லல? வீட்ல உன்னை இத்தனை பேசறப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சரக்கு எண்ணிட்டிருக்கேன்னு சொன்னீங்க. நான் எப்படி இல்லீன்னு சொல்றதுங்?"

பெருமாநல்லூரில் நிறுத்தி இளநீர் குடித்தோம். அவள் காசு கொடுக்கப் போனாள், நான் விடவில்லை.

ஜூலை 25, வெள்ளி

இந்த நோட்டை இனி யாரும் கேட்க மாட்டார்கள். பக்கம் மீதி இருக்கிறது. பக்கத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தலைவலி: இல்லை. இது நிஜமான இல்லை.

ஆடிப் பதினெட்டு. காவிரிக்குப் போய் வந்து எல்லாரும் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். புதுக் கடைச் சாவியைப் புளிச்சோற்றுத் தூக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"யமுனா, எடுத்துக்க."

அவள் எடுக்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள். துளசிமணி எதிர்பார்த்தபடியே பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங், நல்லா யோசிச்சீங்களா? மாசத்துல மூணு நாள் படுக்கறவ கடைய எப்படி நடத்துவா?"

"முப்பது வருசமா ஒருத்தன் நடத்தறானில்ல?"

"அது ஆரு?"

நான் அவளைப் பார்த்தேன். மோகன் சோற்று உருண்டையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடியே இருந்தான். துளசிமணி என்னையும் யமுனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப அந்தக் குடோன்ல... சரக்கு எண்றது..."

"ஒரு பண்டலும் எண்ணுனதில்ல."

"அட சாமி." தயிர்ச் சோற்றுப் பாத்திரத்தை மூடினாள், திறந்தாள். "நான் வேற என்னமோ நெனச்சு, ஒரு நாள் ஒளிஞ்சு வந்து பாத்தேன். வாயத் தொறந்து தூங்கிட்டிருந்தீங்க. சரி, நல்ல மனுசன்தான்னு திரும்பி வந்துட்டேன்."

மோகனுக்குப் புரை ஏறியது. துளசிமணி அவன் தலையில் தட்டினாள். அப்புறம் அவளே சாவியை எடுத்து யமுனா மடியில் போட்டாள். "புடி. ஆனா சுக்குப் பத்து ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்."

"போடறனுங் அத்தை. மாமாவுக்கும் சேத்துப் போடுங்க."

ஆகஸ்ட் 9, சனி

தலைவலி: இல்லை. புதுக் கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. மேஸ்திரி ஜன்னல் எங்கே வைப்பது என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "சரக்கு ரூமுங்களா?" என்றார். ஒரு கட்டில் போடுகிற ரூம் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். கதவுக்கு ரப்பர் வைக்கச் சொல்லி யமுனா அளவு கொடுத்தாள், அறைந்தால் சத்தம் வரக் கூடாதாம். எனக்கு அது தோன்றவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தலைவலி: உண்டு. இடது பக்கம். நடுத்தரம்.

புதுக் கடைக்கு முதல் சரக்கு எடுக்க யமுனாவும் சந்தைக்கு வந்தாள். இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனோம், ஆனாலும் வந்தது. குப்புராஜ் புது லாட் ஒன்றைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்குப் பக்கத்தில் புள்ளி மினுங்கியது. வளைந்தது. பல் பல்லாக ஓட ஆரம்பித்தது. கீழே பார்த்தால் சேலையிலும் அதே தாழம்பூக் கரை. பழைய செவ்வாயாக இருந்தால் இந்நேரம் கையை நீட்டியிருப்பேன். என் கை நிஜமாகவே நீண்டது.

யமுனா என் முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "எந்தப் பக்கம்ங் மாமா?" என்றாள்.

"இடது. உனக்கு?"

"எப்பவுமே வலதுங்." குப்புராஜ் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மாமா ஒரு டீ குடிச்சிட்டு வரட்டும். அரை மணி கழிச்சு விலை பேசலாம்."

பண்டல்களுக்குப் பின்னால் நிழலில் உட்கார வைத்தாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். துண்டை நனைத்து என் கண்மேல் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து போனில் யாருக்கோ மெதுவான குரலில் சேலை விற்றுக்கொண்டிருந்தாள். கரை ஓடி ஓடி ஓரத்துக்குப் போயிற்று. அழகாகத்தான் இருந்தது. அம்மனுடையதோ என் மூளையுடையதோ, இவ்வளவு நல்ல கரையை எந்தத் தறிக்காரனும் நெய்ததில்லை.

மறைந்ததும் எழுந்து போய்ச் சேலையைப் பார்த்தேன். கரை நன்றாக இருந்தது. உடல் நூல் மெல்லிசு. யமுனா ஒரு முனையை ஈரத் துண்டில் தேய்த்துக் காட்டினாள், சாயம் இறங்கித் துண்டு சிவந்தது.

ஒரே ஒரு சேலை எடுத்தேன். அங்காளம்மனுக்கு. விற்பதற்கு இல்லை.

குப்புராஜுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஏனுங்ணா, இந்தக் கரையைப் பாத்தா விலை கேக்காம அள்ளிட்டுப் போவீங்களே! இன்னைக்கு என்னாச்சு?"

"இன்னைக்கு ரெண்டு பேரு பாத்தமுங்க" என்றேன்.